ஒப்பமும் சம்மதமும்

கொட்டாஞ்சேனையில் என் அயலிலே குடியிருக்கும் ஆச்சி ஒருவருக்கு இடுப்பு மூட்டை மாற்றும் சத்திரசிகிச்சை செய்வதென்று முடிவாயிற்று. துணைக்கு நானும் சென்றிருந்தேன். சம்மதப் பத்திரத்தை நீட்டிய வைத்தியர், "ஏதும் கேட்க வேண்டுமா, அம்மா?" என்றார். "நான் என்னத்தைக் கேக்கிறது, ஐயா? நீங்கள் படிச்ச ஆக்கள்" என்று ஆச்சி ஒப்பமிட்டார். இவ்வொப்பத்தைச் சம்மதம் என்று கொள்ளலாமா?

ஆச்சி அறிந்திருக்க வேண்டியவை பல. புதிய மூட்டு குழியைவிட்டு விலகக்கூடும்; குந்தியிருப்பது அதற்கு ஏதுவாகலாம். காலின் நாளத்தில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கிருமி தொற்றினால் பொருத்தியதையே கழற்ற நேரலாம். நீரிழிவு, புகைத்தல், மிகுந்த உடற்பருமன் ஆகியன அவ்வபாயத்தைக் கூட்டுவன. ஆண்டுகள் சென்றபின் மூட்டுத் தளர்வதும் உண்டு. பெரும்பாலோர் நோவு நீங்கி நடக்கிறார்கள் என்பது உண்மையே. இச்சிகிச்சையை நான் பழிக்கவில்லை. ஆயினும், பாயில் அமர்ந்து உண்டு, திருவலையில் குந்தித் தேங்காய் துருவி எழுபது வயது கண்ட ஒருவரிடம், இனி அந்த இருப்பு ஆகாதெனக்கூடச் சொல்லாமல் கத்தியை எடுப்பது நியாயமா?

சொன்னால் பயந்துவிடுவார்கள் என்பர் சிலர். பயப்படுவதும் அவர்களுடைய உரிமையன்றோ! இலவச வைத்தியந்தானே, கேள்வி எதற்கு என்பர் வேறு சிலர். அந்த இலவசத்துக்கு வரி கொடுத்தவர்களுள் ஆச்சியும் ஒருவர். அரிசிக்கும் சீனிக்கும் கொடுத்த விலையிலே அவ்வரி அடங்கியிருந்தது.

இந்தச் சிகிச்சைக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் இங்கிலாந்தின் ஜோன் சார்ன்லி. முதலில் அவர் டெஃப்லான் குழிகளைப் பொருத்தினார். அவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த இழையத்தைக் கெடுத்தன. 1962இல் பொலிஎதிலீனுக்கு மாறினார். இரு பொருள்களையும் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்தார். நோயாளரின் உடலுக்குப் பின்னரே அவர் தொடையின் முறை வந்தது என்பதையும் மறக்கலாகாது. எனினும் தவற்றின் நோவிலே அவர் பங்கு கொண்டார்.

கம்பனிகளுக்குத் தொடை ஏது? டீபியூ கம்பனியின் 'ஏ.எஸ்.ஆர்.' என்னும் மூட்டிலே உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, கோபாற்றும் குரோமியமும் நோயாளரின் இரத்தத்திற் கலந்தன. 2010இல் அம்மூட்டு உலகெங்கிலுமிருந்து மீளப்பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அமெரிக்க நோயாளருக்கு 2013இல் ஏறக்குறைய 250 கோடி டொலர் தர உடன்பாடாயிற்று. இந்தியாவிலோ இழப்பீட்டுக்கான வழிமுறையே 2018இல்தான் வகுக்கப்பட்டது. அங்கே அம்மூட்டைத் தாங்கிய சுமார் 4,700 பேரில் 3,600 பேரளவில் எங்கிருக்கிறார்கள் என்றே கண்டறிய முடியவில்லை. தம் உடலுக்குள் இருப்பது இன்னதென அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

ஆச்சி இப்போது தடியூன்றி நடக்கிறார், நோவு குறைந்துவிட்டதாம். பொருத்தியது எந்தக் கம்பனியின் மூட்டு என்று சென்ற வாரம் கேட்டேன்.

"அது ஐயாவுக்குத் தெரியும், தம்பி" என்றார்.