சாப்பாட்டுக் கூடத்துக்கு அப்பால்

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டைக் குடைவரைக் கோயிலுக்காகத்தான் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல், பாறையைக் குடைந்தே மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் அங்கே பொறித்துவைத்தான். அந்த மாவட்டத்தின் பெயர் 2023 பிப்ரவரியில் வேறொரு கட்டடத்தால் நாடு முழுக்க அடிபட்டது. விக்கிரவாண்டி வட்டாரத்தில், குண்டலப்புலியூர் என்ற சிற்றூரில் இயங்கிவந்த அன்பு ஜோதி ஆசிரமம். மனநலம் குன்றியவர்கள், ஆதரவற்றோர், முதியோர், குடிநோயாளிகள் என்று பலரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த இல்லம்.

விஷயம் வெளியே வந்த விதம் யோசிக்கத்தக்கது. திருப்பூரைச் சேர்ந்த ஒரு முதியவரை 2021 டிசம்பரில் அங்கே சேர்த்திருந்தார்கள். அமெரிக்காவில் வசிக்கும் அவருடைய உறவினர் ஊருக்கு வந்தபோது பார்க்கப் போனார். பெரியவர் அங்கே இல்லை. பெங்களூருவில் உள்ள இன்னோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. பெங்களூருவில் விசாரித்தால் அங்கும் இல்லை. கெடார் காவல் நிலையத்தில் புகார், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு என்று குடும்பம் விடாமல் போனது. அதன் பிறகுதான் அதிகாரிகள் இல்லத்துக்குள் நுழைந்தார்கள். 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். பலர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். உரிய அனுமதி இல்லாமல் இயங்கியது, அடித்துத் துன்புறுத்தியது, குரங்கை விட்டுக் கடிக்கவைத்தது, பெண்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியது என்று குற்றச்சாட்டுகள் வரிசையாக எழுந்தன. நடத்தியவர்கள் கைதானார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. குற்றம் யாருடையது, எவ்வளவு என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி அதைவிடச் சிறியது, ஆனால் எல்லா வீட்டுக்கும் உரியது. பெற்றவரையோ உற்றவரையோ ஓர் இல்லத்தில் சேர்த்த பிறகு, சேர்த்தவரின் கடமையில் எது மிச்சம் இருக்கிறது?

வழக்கமாக ஊரில் கேட்கப்படுவது வேறு கேள்வி. சேர்ப்பதே சரியா என்பது. "பெத்தவள ஹோம்ல தள்ளிட்டான்" என்ற ஒற்றை வாக்கியத்தில் தீர்ப்பும் முடிந்துவிடும். இந்தத் தீர்ப்பைச் சொல்பவர்களில் எத்தனை பேர் படுத்த படுக்கையாக இருப்பவரின் துணியை மாற்றியிருப்பார்கள் என்பது தனிக் கணக்கு. வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று நாம் பெருமையாகச் சொல்வது, பெரும்பாலும் ஒரு பெண் பார்ப்பது. மருமகளோ, கல்யாணமாகாத மகளோ, தானே எழுபதைத் தொட்டுவிட்ட மனைவியோ. பக்கவாதம் வந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு எலும்பு மேட்டில் தோல் சிவந்து, நாலைந்து நாளில் புண்ணாகிக் குழிவிழும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றுவதற்கு முன் தலைப்பக்கத்தை உயர்த்தாவிட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். யூரின் பையை நிரம்பும்முன் காலி செய்ய வேண்டும். ராத்திரியில் எழுந்து வாசல் தாண்டிப் போகும் மறதி நோயாளி என்றால் தூக்கமே இல்லை. இத்தனையும் செய்துகொண்டு அந்தப் பெண் நூறு நாள் வேலைக்கோ, திண்டிவனம் ஜவுளிக் கடைக்கோ போய் வர வேண்டும். அண்ணன் தம்பிகள் தீபாவளிக்கு வந்து "அம்மா ஏன் இப்பிடி இளைச்சிட்டாங்க" என்று கேட்பார்கள்.

வீடு என்பதாலேயே அங்கே அன்பு இருந்துவிடுவதும் இல்லை. விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் இருந்ததைத் தமிழ்நாடு அறியும். படுத்துவிட்ட கிழவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டி, இளநீரும் கொடுத்து அனுப்பிவைப்பார்கள். செய்தவர்கள் வெளியாட்கள் இல்லை. ஆகவே, வீடு என்றால் அறம், இல்லம் என்றால் பாவம் என்ற கோடு நிற்காது.

நல்ல இல்லத்தில் சேர்ப்பது தவறில்லை. சில நேரங்களில் அதுவே சரியான முடிவு. சேர்க்கும் விதத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. "டாக்டர்கிட்ட காமிச்சிட்டு வந்துடலாம், புடவைய மாத்திக்கோ" என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மா கழிவறைக்குப் போயிருக்கும்போது கிளம்பிவிடும் பிள்ளைகள் உண்டு. அழுவாள், பார்க்க மனசு தாங்காது என்பது காரணம். தாங்க வேண்டியது பிள்ளையின் மனசுதான். எண்பது வயதில் தன்னை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமைகூட இல்லாமல் ஒருவர் படுக்கையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எந்த வசதிக் குறைவும் நியாயம் ஆகாது. அதற்கு முந்தைய மாதம் சார்பதிவாளர் அலுவலகத்தில் செட்டில்மெண்ட் பத்திரம் முடிந்திருந்தால், அது தவறு என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. அதற்குச் சட்டமே இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காத நிலையில் தீர்ப்பாயத்தின் மூலம் திரும்பப் பெறலாம்.

இரண்டாவது தவறு சத்தமில்லாதது. சேர்த்த குற்ற உணர்ச்சி ஆளை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, போவதையே தள்ளிப்போட வைக்கிறது. இந்த ஞாயிறு இல்லை அடுத்த ஞாயிறு. பிறகு ஆடி கழியட்டும். பிறகு பிள்ளைகளுக்குப் பரீட்சை. இன்னொன்று, போனாலும் வாயைத் திறக்கவிடாது. அப்பாவின் கணுக்காலில் கட்டிய தடம் தெரிகிறது. கேட்டால் என்ன சொல்வார்கள்? "அப்ப நீங்களே கூட்டிட்டுப் போங்க சார்." அந்த ஒரு பதிலுக்குப் பயந்தே முக்கால்வாசிக் குடும்பங்கள் கேட்பதில்லை. கேட்டால், நாம் கிளம்பிய பிறகு அதற்கும் சேர்த்துப் பெரியவர்மேல் காட்டுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். நல்ல பராமரிப்பாளர்களும், சொற்பச் சம்பளத்துக்கு இருபது பேரைக் குளிப்பாட்டி, மலம் அள்ளி, முகம் சுளிக்காமல் ஊட்டிவிடும் பெண்களும் அங்கே உண்டு. அவர்கள் செய்வதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவும் யாராவது போக வேண்டும்.

கவனிக்கும் வேலையைக் காசு கொடுத்து இன்னொருவரிடம் விடலாம். அந்த வேலை நடக்கிறதா என்று பார்க்கும் வேலையை விட முடியாது. இதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று போதும். கனடாவில், தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோ உள்ளிட்ட ஒன்டாரியோ மாகாணத்தில், 2020இன் கொரோனாப் பரவலின்போது நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்குக் குடும்பத்தார் வரத் தடை விதிக்கப்பட்டது. ஆள் பற்றாமல் ராணுவத்தை இறக்கினார்கள். ஐந்து இல்லங்களில் பணிசெய்த ராணுவத்தினர் அந்த மே மாதம் அறிக்கை கொடுத்தார்கள்: கரப்பான் பூச்சிகள், நனைந்த டயப்பரோடு விடப்பட்ட முதியவர்கள், உதவி கேட்டுக் கத்தியும் ஆள் வராத அறைகள். உரிமம் உண்டு, ஆய்வாளர் உண்டு, அரசுப் பணம் உண்டு, அப்படிப்பட்ட நாட்டில். மகளும் மகனும் தினமும் வந்து ஊட்டிவிட்டுப் போனதால் அதுவரை மறைந்திருந்த குறையெல்லாம், அவர்கள் வராத சில வாரங்களில் வெளியே தெரிந்தது. பிறகு அந்த மாகாணம் குடும்பத்தில் ஒருவரை இன்றியமையாத பராமரிப்பாளராகக் கருதி உள்ளே விடத் தொடங்கியது.

போய்ப் பார்ப்பது என்றால் பழம் வாங்கிக்கொண்டு போய் வரவேற்பறையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது என்றும் ஆகிவிடக் கூடாது. முன்கூட்டிச் சொல்லாமல், வேலை நாளில், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் போக வேண்டும். குதிகாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுப்புக்குக் கீழே பார்க்க வேண்டும். நாக்கு வறண்டிருந்தால் தண்ணீர் போதவில்லை. நகம் வளர்ந்து உள்ளே அழுக்கு அடைந்திருந்தால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். கண்ணாடியும் பல்செட்டும் காது மெஷினும் அவரிடமே இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். இவை மூன்றும்தான் முதலில் காணாமல் போகும். பகலெல்லாம் தூங்கிக்கொண்டே இருந்தால் என்ன மாத்திரை, யார் எழுதியது என்று சீட்டை வாங்கிப் பார்க்க வேண்டும். வேறு இல்லத்துக்கு மாற்றுவதாக இருந்தால் எழுத்தில் தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும் என்று சேர்க்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. குண்டலப்புலியூர்ப் பெரியவரின் குடும்பத்துக்கு ஏற்பட்ட கதி அதைத்தான் சொல்கிறது.

எல்லோராலும் போக முடியுமா? துபாயில் கட்டட வேலை செய்பவன் எப்படிப் போவான்? நியாயமான கேள்வி. சீனா 2013இல் வயதான பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியது. ஊஷி நகர நீதிமன்றம் ஒரு மகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது தாயைப் பார்க்கும்படி உத்தரவிட்டது. உத்தரவுக்குப் பயந்து வரும் மகளை எந்தத் தாய் விரும்புவாள் என்று சிரிக்கலாம். ஆனால் அங்கே பணத்தைத் தாண்டி ஒன்றைக் கடமையாகப் பார்த்திருக்கிறார்கள். நம் 2007 சட்டம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வாங்கித் தரும். வருகையைப் பற்றிப் பேசாது. போக முடியாதவன் தனக்குப் பதிலாகத் தங்கை மகனையோ, பழைய பள்ளித் தோழனையோ அனுப்பலாம். பெயர் சொல்லித் தேடி ஒருவர் வருகிறார் என்பது இல்லத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்பில் பாதி அதில் இருக்கிறது.

யாருமே இல்லாதவர்களின் கணக்குதான் கடினமானது. மீட்கப்பட்ட 140க்கும் மேற்பட்டோரில் தெருவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும், தன் ஊர்ப் பெயரே சொல்லத் தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக யார் ஆட்கொணர்வு மனு போடுவது? மாவட்டத்துக்கு ஒன்றாவது, வசதியற்ற முதியோர் 150 பேர் தங்கும்படி இல்லங்களை அரசு படிப்படியாக அமைக்கலாம் என்று அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று எழுதியிருக்க வேண்டிய இடம் அது. அரசின் கையில் இல்லாத இல்லங்களில் அதிகாரியின் சோதனை எப்போதோ ஒருமுறை நடக்கும். ஆனால் ஊர்க்காரர்கள் மாதம் தவறாமல் உள்ளே போகிறார்கள். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று சாப்பாடு போடப் போகிறவர்கள். சாம்பார், வடை, பாயசம், வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், கைபேசியில் நாலு படம், வாசலோடு திரும்பிவிடுவது. சாப்பாட்டுக் கூடத்துக்கு வர முடிந்தவர்களை மட்டுமே அவர்கள் பார்க்கிறார்கள். எழுந்து வர முடியாதவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

அடுத்த முறை இலை போடப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பரிமாறி முடித்ததும், படுத்திருப்பவர்களுக்கும் நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று கேளுங்கள். நல்ல இல்லம் மகிழ்ச்சியோடு கூட்டிக்கொண்டு போகும். முகமூடி போட்டுக்கொள்ளச் சொல்லலாம், படம் எடுக்காதீர்கள் என்று சொல்லலாம், இரண்டும் நியாயம்தான். காரணம் சொல்லாமல் கதவை மறைத்து நின்றால், அல்லது உள்ளே கண்டது சரியாகப் படவில்லை என்றால், முதியோர் உதவி எண் 14567க்குப் பேசுங்கள். பேசக் காசு கிடையாது.