அகமதிப்பெண்ணும் காரணம் கேட்கும் உரிமையும்

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் ஒரு பாடத்துக்குரிய 100 மதிப்பெண்ணில் 75 பல்கலைக்கழகத் தேர்வுக்கும் 25 அகமதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்படுகின்றன. 75-க்குத் திருத்துபவர் மாணவரின் முகம் அறியாதவர். 25-ஐப் போடுபவரோ நாள்தோறும் அவரை வகுப்பில் பார்ப்பவர். மனக்குறை எளிதில் வேர்விடுவது இங்கேதான்.

"சாரை எதிர்த்துப் பேசினால் இன்டர்னலில் கைவைத்துவிடுவார்" என்ற அச்சம் பல வகுப்பறைகளில் உண்டு. அதற்கு அடிப்படை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த அச்சம் உள்ளவரை ஆசிரியரும் மாணவரும் சமமாக நின்று வாதிடுகிறார்கள் என்று கொள்ள முடியாது. எனவே முதல் பொறுப்பு மதிப்பெண் போடும் கையைச் சேர்ந்தது. திருத்திய தாளைக் கொடுத்து, எந்த விடையில் எது விடுபட்டது என்று காட்ட வேண்டியது ஆசிரியரின் கடமை. காட்டிய பிறகும் மாணவர் மனநிறைவு அடையாமல் போகலாம். அது ஆசிரியரின் குற்றமாகாது. பொதுத்தேர்வு விடைத்தாளையே எழுதியவர் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பார்க்கலாம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதன் பிறகும் வகுப்புத் தேர்வுத் தாளை அலமாரியில் பூட்டிவைப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

மாணவர் மரியாதையின்றிப் பேசிவிட்டால் சிக்கல் கூடுகிறது. பேச்சு தவறு என்பதற்காகக் குறையும் பொய்யாகிவிடாது. நடத்தையைக் கண்டிக்கலாம், துறைத்தலைவரிடம் சொல்லலாம். ஆனால் அந்தக் கோபம் மதிப்பெண் பட்டியலுக்குள் நுழையக் கூடாது. வகுப்பில் எல்லார் முன்னும் வாதம் மூண்டால் இருவருக்குமே பின்வாங்குவது மானப் பிரச்சினையாகிவிடுகிறது. தாளும் வினாத்தாளும் மேசைமேல் இருக்க, மறுநாள் துறை அறையில் பேசுவது அதனால்தான் நல்லது.

கோபத்தைப் போலவே இரக்கமும் தீர்ப்பைச் சாய்க்கும். "ரெண்டு மார்க்தான் மேடம், போட்டுவிடுங்க" என்ற கெஞ்சலுக்கு மனம் இளகுவது இயல்பு. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளை கேட்கும்போது இன்னும் இளகும். ஆனால் அதே வகுப்பில் அதே மதிப்பெண் பெற்று, கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பவரும் அத்தகைய வீட்டிலிருந்து வந்தவராக இருக்கலாம். உதவ விரும்பும் ஆசிரியர் மறுதேர்வோ கூடுதல் ஒப்படைப்போ வைக்கட்டும். அது அனைவருக்கும் பொதுவாக அமையட்டும்.

பேசியும் தீராத குறையை, குற்றம் சாட்டப்பட்டவரே விசாரிப்பது முறையன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகள் கல்லூரிகளில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்கின்றன. அதன் முடிவை ஏற்காத மாணவர் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதேவேளை, முடிவைப் பாதித்த குறிப்பிட்ட முறைகேட்டையோ பாகுபாட்டையோ சுட்டிக்காட்டாமல் மறுமதிப்பீடு மட்டும் கேட்டால் குறைதீர்ப்பாளர் ஏற்க மாட்டார். இந்த வரம்பு நியாயமானது. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்ற வருத்தம் உண்மையானதே; அதை அநீதி என்று புகார் செய்ய அதற்கு மேலும் ஆதாரம் வேண்டும்.

முறையிட்டவர் சொன்னது சரியென்று தெரிந்தால், அவர் தாளை மட்டும் திருத்துவது போதாது. விடைக்குறிப்பில் பிழை இருந்திருந்தால் அது மற்றத் தாள்களையும் பாதித்திருக்கும். பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் முன், கேட்காதவர்களின் தாள்களையும் எடுத்து அந்த வினாவை மீண்டும் பார்க்க வேண்டும்.