வளர்ச்சியும் வரையறையும்

திருப்பூரில் பனியன் தொழிற்கூடங்கள் சிலவற்றின் முகப்பில், வாயிற்காவலர் அறையை ஒட்டிச் சிறியதொரு மலர்ப்பாத்தியைக் காணலாம். அதில் செம்மை, மஞ்சள், ஊதா எனப் பல நிறத்தில் பூத்து நிற்பது ஜினியாச் செடி. விதை விலை மலிவு. மிகுந்த நீர் வேண்டாதது. கொங்கு நாட்டு வெயிலைத் தாங்கி நிற்பது. உள்ளே பின்னற் பொறிகளும் தையற் பொறிகளும் இரவு பகலாக இயங்குகின்றன. வெளியே இச்செடி ஓசையின்றி வளர்ந்து, பூத்து, விதை தந்து மடிகிறது. இவ்விரு வளர்ச்சிகளையும் அருகருகே கண்டபோது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. வளர்ச்சி என்பது தன்னளவிலேயே நன்மை ஆகுமா? அதற்கு ஓர் அளவு வேண்டுமெனின், அவ்வளவை இட வேண்டியவர் யார்?

முதற்கண் செடியின் இயல்பை நோக்குவோம். ஜினியாவின் தாயகம் மெக்சிகோ நாடு. கண்ணின் அமைப்பை ஆராய்ந்து 1755இல் நூல் வெளியிட்ட ஜெர்மானிய மருத்துவர் சின் என்பாரின் நினைவாகத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். அம்மருத்துவர் 1759இல் தம் 31ஆம் வயதிலேயே மறைந்தவர். ஒரு பருவமே வாழும் செடிக்கு அவர் பெயர் அமைந்தது பொருத்தமே போலும். இதன் விதை மண்ணில் விழுந்த 4 முதல் 7 நாள்களுக்குள் முளைக்கும். 8 முதல் 10 வாரங்களில் முதற்பூ மலரும். குட்டை வகைகள் ஓரடிக்குள் நின்றுவிடும். நெட்டை வகைகள் 3 அடியும், நல்ல மண்ணில் 4 அடியும் உயரும். பூ ஓரங்குல அகலத்திலும் உண்டு. ஐந்தங்குல அகலத்திலும் உண்டு. சில திங்களில் விதை முற்ற, செடி காய்ந்து போகும்.

இதில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உளது. தண்டின் நுனியில் மொட்டு உருவானதும் அந்நுனி மேற்கொண்டு இலை விடுவதில்லை. அதன் ஏற்றம் அங்கே முடிகிறது. பின்னர் வளர்ச்சி பக்கக் கிளைகளின் வழியே நிகழ்ந்து, அக்கிளைகளும் ஒவ்வொன்றாய்ப் பூவில் முடிகின்றன. குறுகிய ஆயுள் உடையதாகலின் விரைந்து வளர்கிறது. விதை தருவதே முடிவாகலின் அளவில் நிற்கிறது.

இதனைக் கண்டு, "செடியைப் பார், அதற்குப் பேராசை இல்லை, நீயும் அவ்வாறு இரு" என்று அறிவுரை கூறிவிடுவது எளிது. ஆனால் ஜின தருமம் அவ்வாறு கூற இடந்தரவில்லை. தாவரமும் ஓர் உயிரே. பரிசம் என்னும் ஒரே புலன் உடைய வனஸ்பதிகாய உயிர். அதற்கும் ஆகாரம், பயம், மைதுனம், பரிக்கிரகம் என்னும் நான்கு சஞ்ஞைகள் உண்டு என்பது ஆகமக் கொள்கை. ஆதலின் செடி ஆசையற்றது என்றல் பொருந்தாது. அதன் உடலின் அளவும் அமைப்பும் நாம கர்மத்தால் அமைந்தவை; அதன் வாழ்நாள் ஆயு கர்மத்தால் அமைந்தது. அது நிற்பது நின்றாக வேண்டியிருப்பதால். தானே தெரிந்து நின்றதன்று. விரதம் ஏற்பதற்கு மனம் வேண்டும். அம்மனம் செடிக்கு இல்லை, நமக்கு உண்டு.

மனிதனுக்கும் உடலின் அளவு வினையால் அமைந்துவிடுகிறது. ஆனால் அவன் ஈட்டும் பொருளுக்கும், விரிக்கும் தொழிலுக்கும், கொள்ளும் ஆசைக்கும் அத்தகைய இயற்கை எல்லை ஏதும் இல்லை. எல்லை இல்லாத அவ்விடத்தில்தான் பகவான் இல்லறத்தாருக்கு ஐந்தாம் அணுவிரதத்தை அருளினார். அதுவே பரிக்கிரகப் பரிமாணம். நிலம், மனை, பொன், தானியம், கால்நடை, பணியாளர், பிற பண்டம் ஆகியவற்றுக்கு இவ்வளவு என வரைந்துகொள்ளுதல்.

இனித் திருப்பூரை நோக்குவோம். 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சில பத்துக் கோடி ரூபாய் அளவில் இருந்த இவ்வூரின் பின்னலாடை ஏற்றுமதி, 2020களில் 30,000 கோடி ரூபாயைக் கடந்துவிட்டது. இவ்வளர்ச்சியால் பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்த இலட்சக்கணக்கானோர் உண்டு வாழ்கின்றனர். இதனை இகழ்வது நம் கருத்தன்று. ஆயினும் வளர்ந்த வேகத்தில் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாய நீரின் தேக்கமாயிற்று. அணை நீரைத் திறந்துவிட வேண்டா என்று உழவரே வேண்டும் நிலை வந்தது. நீரும் அப்புகாயம் எனப்படும் உயிர் என்று கொள்ளும் நமக்கு, ஓர் ஆறு அவ்வாறு ஆனது வெறும் சுற்றுச்சூழல் செய்தியாக இருத்தல் இயலாது. நீருயிர், மண்ணுயிர், மீன், பயிர், உழவர் குடும்பம் என ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஹிம்சை அது.

2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளிவிடாத முறைக்கு மாறாத சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. 700க்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. தவறு செய்தவரோடு, தவற்றில் பங்கில்லாத கூலித் தொழிலாளரும் வேலை இழந்து வாடினர். பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரை மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறின. தொழிலும் மீண்டும் தழைத்தது.

இங்கே ஜினியாத் தோட்டக்காரர் செய்யும் ஒரு செயல் நினைவுக்கு வருகிறது. செடி நான்கு இணை இலைகள் விட்டபோது அதன் நுனியைக் கிள்ளிவிடுவர். உயரம் குறையும், பக்கக் கிளைகள் பெருகும், பூக்கள் மிகும். கிள்ளாமலும், தழைச்சத்து உரத்தை மிகுதியாக இட்டும் வளர்த்தால் செடி இலையாகவே உயர்ந்து, பூக் குறைந்து, காற்றில் சாயும். நெருக்கி நட்டால் இலைகளில் சாம்பல் நோய் பற்றும். கடன் என்னும் உரத்தை மிகுதியாக இட்டு, ஒன்றையொன்று நெருக்கி வளர்ந்த தொழில்களின் நிலையும் இதுவே அன்றோ? செடியின் நுனியைக் கிள்ளுவது பிறர் கை. அது ஓரறிவுயிருக்கு ஊறு என்பதையும் நாம் மறத்தற்கில்லை. மனிதன் தன் ஆசையின் நுனியைத் தானே கிள்ளிக்கொள்ள வல்லவன். பிறர் கையால் நேரும் வரையறைக்குத் தண்டனை என்று பெயர். தன் கையால் இடும் வரையறைக்கு விரதம் என்று பெயர். முன்னது காலம் கடந்து வந்து, குற்றமற்றவரையும் வருத்தும். பின்னது காலத்தே வந்து யாரையும் வருத்தாது.

"தொழிலில் நேரும் ஹிம்சை இல்லறத்தானுக்கு விலக்கப்படவில்லையே, உத்தியோகி ஹிம்சை என்று ஆகமமே தனியே வகுத்துள்ளதே" என்று சிலர் வினவுவர். உண்மை. ஆனால் அவ்விலக்கு, வாழ்வுக்கு இன்றியமையாத தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் ஊறுக்கு உரியது. தேவை எங்கே முடிந்து ஆசை எங்கே தொடங்குகிறது என்று அளந்து பாராதவன், தவிர்க்க இயலாத ஊறு எது என்பதை எங்ஙனம் அறிவான்? அளவு வகுக்காத இடத்தில் அவ்விலக்கும் செல்லாது. ஆக, ஐந்தாம் விரதம் முதல் விரதமாகிய கொல்லாமைக்கே காவலாய் நிற்கிறது.

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்துக்குக் கூறும் ஐந்து அதிசாரங்களைத் திருப்பூரில் நின்று சிந்தித்தால் வியப்பே மேலிடும். இலாபம் கருதி ஆற்றலுக்கு மிஞ்சி நடத்திச் செலுத்துதல், மிகையாய்ச் சேர்த்து வைத்தல், பிறர் செல்வம் கண்டு மருளுதல், உலோபம், அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல் என்பன அவை. வண்டி மாட்டை எண்ணிக் கூறப்பட்டவை இன்று மனிதர்க்கும் பொருந்துகின்றன. எட்டு மணி நேரம் உழைத்தவரை மேலும் நான்கு மணி நேரம் நிறுத்தி வைக்கும் "ஒன்றரை ஷிப்ட்" என்னும் சொல் இவ்வூரில் அறியாதார் இல்லை. ஏற்றுமதித் தேதி நெருங்கும்போது அது அன்றாட வழக்கமாகிவிடுவதும் உண்டு. முதல் அதிசாரத்துக்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமோ? அடுத்த தெருக்காரர் புதிய கட்டடம் எழுப்பியதைக் கண்டு, தேவை இன்றியே நாமும் கடன் வாங்கிப் பொறி வாங்குதல் மூன்றாவது அதிசாரம் ஆகாதோ?

இக்கேள்விகள் முதலாளிமார்க்கு மட்டும் உரியவை அல்ல. வேலை நாடி இங்கு வந்துள்ள நம் இளைஞர்க்கும், நம் வடமாவட்டக் கிராமங்களில் இருந்து அவர்தம் ஊதியத்தை எதிர்நோக்கும் பெற்றோர்க்கும் உரியவை. மகன் இன்னும் சம்பாதிக்க வேண்டும் என்று நாம் கூறும்போது, அந்த "இன்னும்" என்பதற்கு முடிவு எங்கே என்று ஒருபோதேனும் கூறியிருக்கிறோமா?

திருப்பூருக்கு அண்மையில், ஈரோடு செல்லும் வழியில், விசயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரரின் பழம்பெரும் ஆலயம் உளது. பெருங்கதை தந்த கொங்குவேளிரின் ஊர் அது என்பது வழிவழி வரும் செய்தி. ஆதலின் இம்மண்ணுக்கு ஜின தருமம் புதியதன்று. அளவறிந்து வாழ்தலும் புதியதன்று.

தீபாவளி நமக்கு மகாவீர பகவான் வீடுபேறு எய்திய நன்னாள். திருப்பூரில் தொழிலாளர் போனஸ் பெற்று ஊர் திரும்பும் காலமும் அதுவே. அந்நாளில் விளக்கேற்றிய பின், குடும்பத்தார் ஒருங்கிருந்து ஒரு தாளில், நமக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு உழைப்பு நேரம் போதும் என்று எழுதி வைப்போமாக. அதற்கு மேல் வருவதைத் தானத்துக்கென ஒதுக்குவோமாக. முதலாண்டில் அவ்வளவு சற்றுப் பெரிதாகவே இருப்பினும் குற்றமில்லை. எழுதப்பட்ட அளவு அடுத்த ஆண்டு குறைக்கப்படலாம். எழுதப்படாத அளவைக் குறைக்க வழியே இல்லை.