மூன்று கட்டில், நான்கு நண்பர்கள்

 

 

ஆண்டுத் தேர்வு நெருங்கும் நாட்களில் கல்லூரி விடுதிகளில் இன்னொரு தேர்வும் நடக்கிறது. அடுத்த ஆண்டு யார் எந்த அறையில், யாரோடு தங்குவது என்ற தேர்வு. முதலாம் ஆண்டில் இந்தக் கவலை பெரும்பாலும் இருக்காது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் கொண்டுவந்த ராகிங் தடுப்பு விதிகள், புதிய மாணவர்களை முடிந்தவரை தனி விடுதிக் கட்டடத்தில் தங்கவைக்கச் சொல்கின்றன. பெரும்பாலும் நிர்வாகமே அறையை ஒதுக்கிவிடும். இரண்டாம் ஆண்டுக்கு வரும்போதுதான் பல கல்லூரிகளில் படிவம் நம் கைக்கு வருகிறது. மூன்று பேர் சேர்ந்து எழுதிக்கொடுங்கள் என்கிறார் வார்டன். அறையில் மூன்று கட்டில். நண்பர்களோ நான்கு பேர்.

ஜும்ஆ முடிந்து பேசும்போது மாணவர்கள் கேட்கும் கேள்வி இதுதான்: "ஹஜ்ரத்! நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. யாருடைய பொருளையும் எடுக்கவில்லை. எங்களுக்குப் பிடித்தவர்களோடு தங்குகிறோம். இதில் என்ன பாவம் இருக்கிறது?"

நியாயமான கேள்விதான். 'ஹராம்', 'ஹலால்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி முடிக்க முடியாது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல துணையைத் தேடுவது பாவம் அல்ல. மார்க்கம் நமக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம் அது. நல்ல நண்பனைக் கஸ்தூரி வைத்திருப்பவனுக்கும், கெட்ட நண்பனைக் கொல்லனின் உலைத் துருத்திக்கும் நபி (ஸல்) அவர்கள் உவமை கூறியதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஓராண்டு முழுவதும் பத்தடி தூரத்தில் படுத்துறங்கப் போகிறவன் யார் என்று பார்க்காமல் இருப்பதுதான் தவறு.

வீட்டைப் பார்க்கும் முன் அண்டை வீட்டானைப் பார் என்று அரபியர் சொல்வார்கள். ஃபிர்அவ்னின் மனைவி ஆசியா (அலை) அவர்கள் கேட்ட துஆவை விளக்கும் அறிஞர்கள் ஒரு நுட்பத்தைச் சொல்வார்கள். சுவனத்தில் வீடு கேட்ட அவர்கள், 'உன்னிடத்தில்' என்பதை முதலில் சொல்லிவிட்டு அதன் பிறகுதான் வீட்டைக் கேட்டார்கள் (66:11).

ஆனால் நம் பிள்ளைகள் எதை முதலில் பார்க்கிறார்கள்? ஜன்னல் எந்தப் பக்கம், வைஃபை எட்டுமா, குளியலறை எத்தனை அடி தூரம் என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. இவன் எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பான்? ஃபஜ்ருக்கு நான் எழுந்தால் முகம் சுளிப்பானா, அல்லது அவனே என்னை எழுப்புவானா? புகை பிடிப்பானா? கடன் வாங்கினால் திருப்பித் தருவானா? இவற்றைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

உரிமை எங்கே முடிகிறது?

அடுத்தவனின் ஹக் தொடங்கும் இடத்தில் உங்கள் உரிமை முடிகிறது.

சில பழக்கங்கள் விடுதிகளில் சாதாரணமாகிவிட்டன. தரைத்தள அறை வேண்டும் என்பதற்காக, இல்லாத முதுகுவலிக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்குகிறார்கள். வீட்டிலிருந்தே வந்துபோகும் ஒருவனின் பெயரை மூன்றாவது ஆளாக எழுதிக்கொடுத்துவிட்டு, அறையை இரண்டு பேராக அனுபவிக்கிறார்கள். தகப்பனாரே தெரிந்தவர்களைப் பிடித்து, வரிசையில் முன்னால் இருப்பவனைத் தாண்டிச் செல்ல ஏற்பாடு செய்கிறார்.

இதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைக்கிறோம். அந்தத் தரைத்தள அறை, கால் ஊன்றி நடக்க முடியாத ஒரு மாணவனுக்குப் போயிருக்க வேண்டியது. காலியாகக் கிடக்கும் அந்த மூன்றாவது கட்டில், விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே இரட்டை வாடகை கொடுத்துத் தங்கும் ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சேர வேண்டியது. அவன் யார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் பெயர் அவனுக்கும் தெரியாது. ஆனால் மறுமையில் கணக்கு தீர்க்க முகவரி தேவைப்படாது.

இன்றைய இரகசியப் பேச்சு

பொய்யும் இல்லை, சிபாரிசும் இல்லை. நான்கு நண்பர்களில் மூவர் மட்டும் சேர்ந்து படிவம் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இதில் என்ன குறை?

மூவர் இருக்கும்போது ஒருவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் இரகசியம் பேச வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது அந்த மூன்றாமவரின் மனதை நோகச் செய்யும் என்று காரணத்தையும் சொன்னார்கள். இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மூவர் சேர்ந்து நான்காமவரை விலக்கிப் பேசுவதும் இதில் அடங்கும் என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள்.

கவனியுங்கள்! அந்த இருவரும் அவரைத் திட்டவில்லை. அவர் பொருளை எடுக்கவில்லை. அவர் மனம் நோவது ஒன்றே தடுப்பதற்குப் போதுமான காரணமாக இருந்தது. நான்கு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவை அப்படியே வைத்துக்கொண்டு, மூன்று பேர் மட்டும் இன்னொரு குழு தொடங்குகிறார்களே, அந்த இரகசியப் பேச்சின் இன்றைய வடிவம் அதுதான். நான்காமவன் தன் பெயர் இல்லாததை விடுதி அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். அவனுக்கு வேறு அறை கிடைத்துவிடும். ஆனால் ஓராண்டாக நான் இவர்களுக்கு யாராக இருந்தேன் என்ற கேள்வியோடு அவன் அந்த அறைக்குப் போகிறான்.

மூன்று கட்டிலில் நான்கு பேர் படுக்க முடியாது. அது உங்கள் குற்றம் அல்ல. அவனிடம் பேசாமல் முடித்ததுதான் குற்றம்.

மதீனாவின் சீட்டுக் குலுக்கல்

அப்படியானால் என்ன செய்வது? மதீனாவுக்குப் போவோம்.

ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்களுக்குத் தங்க வீடு இல்லை. அவர்களில் யாரை யார் வீட்டில் தங்கவைப்பது என்பதற்கு அன்ஸாரிகள் சீட்டுக் குலுக்கினார்கள். உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் தங்கள் பங்கில் வந்ததாக உம்முல் அலா (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணி அறிவிக்கிறார்கள். அவர் அந்த வீட்டிலேயே தங்கினார். நோயுற்றபோது அவர்கள்தான் பணிவிடை செய்தார்கள். அங்கேயே அவர் வஃபாத்தானார்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். நாம் சீட்டுக் குலுக்குவது வேண்டாதவன் நம் அறைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. அவர்கள் குலுக்கியது, அந்த விருந்தாளியைத் தங்கவைக்கும் பாக்கியம் யாருக்கு என்பதற்காக.

குறிபார்க்க அம்புகளைக் கொண்டு சீட்டுப்போடுவதைக் குர்ஆன் தடைசெய்திருக்கிறது. இது அதுவல்ல. உரிமை சமமாக இருக்கும் இடத்தில், எவர் மனதிலும் குறை வராமல் இருக்கச் சீட்டுக் குலுக்குவதற்கு நபிவழியில் ஆதாரம் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் துணைவியரிடையே சீட்டுக் குலுக்குவார்கள். ஆனால் உரிமை சமமாக இல்லாத இடத்தில் சீட்டுக்கு வேலை இல்லை. நடக்க முடியாதவனையும் நடக்கக்கூடியவனையும் ஒரே சீட்டுப் பெட்டியில் போட்டுத் தரைத்தள அறையைக் கொடுப்பது நீதி ஆகாது.

ஆகவே நான்கு பேரும் ஒன்றாக உட்காருங்கள். வெளிப்படையாகப் பேசுங்கள். சீட்டுக் குலுக்கலாம். அதைவிட நல்ல வழியும் இருக்கிறது. இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, அடுத்தடுத்த இரண்டு அறைகளைக் கேளுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு புதியவர் வரட்டும். மூவர் எல்லாவற்றையும் பெற்று ஒருவன் எல்லாவற்றையும் இழப்பதைவிட, நான்கு பேரும் கொஞ்சம் இழப்பது நீதிக்கு நெருக்கமானது.

விட்டுக்கொடு என்று யார் சொல்வது?

இங்கே இன்னொரு ஆபத்து இருக்கிறது. "நீதான் நல்லவனாயிற்றே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று எப்போதும் ஒருவனிடமே சொல்வது. தனக்குத் தேவை இருந்தும் பிறரை முற்படுத்திய அன்ஸாரிகளைக் குர்ஆன் புகழ்கிறது (59:9). அந்த ஈஸார் மிக உயர்ந்த குணம். ஆனால் அது தானாகக் கொடுப்பவனுக்குரிய குணம். அடுத்தவனிடம் கேட்டுப் பிடுங்குவதற்கு ஈஸார் என்று பெயர் இல்லை.

நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பானம் கொண்டுவரப்பட்டது. வலப்பக்கம் ஒரு சிறுவர். இடப்பக்கம் பெரியவர்கள். வலப்பக்கம் இருப்பவருக்கே முதல் உரிமை. பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க அந்தச் சிறுவரிடம் நபியவர்கள் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து கிடைக்கும் பங்கை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். உடனே அவர் கையிலேயே அந்தப் பாத்திரத்தைக் கொடுத்தார்கள்.

அகிலத்தின் தலைவர் கேட்கிறார்கள். சிறுவர் மறுக்கிறார். சிறுவரின் உரிமை நிற்கிறது! "நாங்கள் சீனியர், நீ மூன்றாம் மாடிக்குப் போ" என்று ஜூனியரை விரட்டும் மாணவர்கள் இந்த ஹதீஸை ஒருமுறை நிதானமாகச் சிந்திக்க வேண்டும். மூத்தவருக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை நிர்வாகம் கொடுத்திருந்தால் அது விதி. கொடுக்காத இடத்தில் எடுத்துக்கொண்டால் அது அநியாயம்.

சிறு விருப்பங்கள் எழுப்பும் பெரிய சுவர்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு முடிந்த மாணவர்கள் 12 விடுதி இல்லங்களுக்குப் பிரிந்து செல்வார்கள். 1990-களின் நடுப்பகுதி வரை இதில் மாணவர்களின் விருப்பத்துக்கு இடம் இருந்தது. இது விளையாட்டு வீரர்களின் இல்லம், இது கலைஞர்களின் இல்லம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை விழுந்தது. ஒரே மாதிரியானவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். 1995-ல் நிர்வாகம் முடிவெடுத்து, 1996 முதல் இல்லங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கத் தொடங்கியது. நண்பர்கள் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து பதியலாம். எந்த இல்லம் என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

அங்கே யாரும் யாரையும் வெறுத்து அந்தச் சுவர்களைக் கட்டவில்லை. ஒவ்வொருவரும் தனக்குப் பழகியவரைத் தேடினார்கள். எல்லாத் தேடலும் சேர்ந்து சுவராகிவிட்டது.

நம் நாட்டு விடுதிகளில் இந்தச் சுவருக்கு ஊர், மொழி, சாதி என்று பெயர்கள் உண்டு. நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். ரமளானில் ஸஹருக்கு எழ, ஜமாஅத்தாகத் தொழ, தொழும் நண்பனோடு தங்க விரும்புவது நல்ல நிய்யத். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "அவன் அந்த ஊர்க்காரன், அந்த ஆட்கள் வேண்டாம்" என்று ஒருவனை மறுப்பது வேறு விஷயம். ஒருவனை மறுக்கும்போது உள்ளத்தைக் கேளுங்கள்: அவன் செய்ததற்காக மறுக்கிறேனா, அவன் பிறந்ததற்காக மறுக்கிறேனா?

உறவில்லாத அந்நிய அண்டை வீட்டாருக்கும், பக்கத்தில் இருக்கும் தோழருக்கும் நன்மை செய்யும்படி குர்ஆன் கட்டளையிடுகிறது (4:36). கல்வி கற்பதில் உடனிருப்பவரும் அந்தப் பக்கத்துத் தோழரில் அடங்குவார் என்று தஃப்ஸீர் எழுதியவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டீர்களா என்றுதான் கேட்டார்கள்.

விடுபட்ட நான்காமவனுக்கு

மகனே! அறிவிப்புப் பலகையில் உன் பெயர் முன்பின் தெரியாத இருவரோடு இருக்கிறதா? உன் வலி உண்மையானது. அதை யாரும் சிறிதாகப் பேசக் கூடாது. ஆனால் ஒன்றை நினைத்துப் பார். ஸல்மான் ஃபார்ஸி (ரலி) பாரசீகர். அபூதர்தா (ரலி) மதீனாவாசி. இருவரையும் சகோதரர்களாக இணைத்தது நபி (ஸல்) அவர்கள். அபூதர்தா இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பு நோற்று, உடலையும் குடும்பத்தையும் மறந்தபோது, உன் உடலுக்கும் உன் குடும்பத்துக்கும் உன் மீது உரிமை உண்டு என்று திருத்தியவர் அந்த ஸல்மான்தான். ஸல்மான் சொன்னது சரி என்று நபியவர்களும் உறுதிப்படுத்தினார்கள். நாமே தேர்ந்தெடுக்கும் நண்பன் பெரும்பாலும் நம்மைப் போலவே இருப்பான். நம்மில் இல்லாததைச் சில நேரம் தேர்ந்தெடுக்காதவன்தான் கொண்டுவருவான்.

பெற்றோர்களே! இந்த ஆண்டு பிள்ளை ஃபோன் செய்து "அறை கிடைத்துவிட்டது" என்று சொன்னால், எந்த மாடி என்று மட்டும் கேட்காதீர்கள். "உன் நான்காவது நண்பன் எங்கே தங்குகிறான்? அவனிடம் பேசிவிட்டுத்தான் முடிவெடுத்தாயா?" என்றும் கேளுங்கள். அவன் பதிலில் உங்கள் வளர்ப்பு தெரியும்.

மாணவர்களே! மஷூரா செய்யுங்கள். இஸ்திகாரா தொழுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், அதில் பெயர் இல்லாதவனின் முகத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! வெளியூரில் தங்கிப் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஸாலிஹான தோழர்களைத் தருவாயாக! அவர்களையும் பிறருக்கு ஸாலிஹான தோழர்களாக ஆக்குவாயாக! எவருடைய ஹக்கையும் பறிக்காத, எவர் மனதையும் உடைக்காத வாழ்வை எங்கள் அனைவருக்கும் நஸீபாக்குவாயாக! ஆமீன்.