பத்து கோபோல்டுகளும் ஒரு காய்ந்த குச்சியும்

நார்த்ஷயர் மடாலயத்துக்குள் மார்ஷல் மெக்பிரைடு என்ற அதிகாரி நிற்கிறார். தலைக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி. கிட்டே போய்ப் பேசினால், பக்கத்தில் கோபோல்டுகள் கூடாரம் அடித்துத் தொல்லை செய்வதாகச் சொல்லி, பத்தைத் தீர்த்துவிட்டு வரும்படி அனுப்புகிறார். கோபோல்டு என்பது எலி மூஞ்சியும் கூன் முதுகும் கொண்ட பிராணி. தலையில் மெழுகுவத்தியோடு திரியும். முதல் கோபோல்டு விழுந்ததும் திரையில் 1/10 என்று மின்னுகிறது. பிறகு 2/10. ஏழாவதை அடித்துக்கொண்டிருக்கும்போதே, முதலாவது விழுந்த இடத்தில் இன்னொன்று முளைத்து அதே மெழுகுவத்தியோடு நடமாடத் தொடங்கிவிடும். பத்தும் முடிந்து திரும்பினால் மெக்பிரைடு நன்றி சொல்லிக் கொஞ்சம் செப்புக்காசு தருகிறார். அடுத்த வேலை: சுரங்கத்தருகே இருக்கும் வேறு வகைக் கோபோல்டில் ஒரு பத்து.

2004 நவம்பரில் வெளியான ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தில் மனிதப் பாத்திரத்தை எடுத்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் தொடங்கினார்கள். எத்தனை லட்சம் பேர் வாளெடுத்தும் கோபோல்டுகள் குறையவில்லை. 2010இல் பிளிஸார்டு நிறுவனமே அந்தப் பகுதியின் கதையைத் திருத்தி எழுதியபோதுதான் கூடாரம் காலியானது.

இந்த மாதிரி வேலைகளுக்குத் தமிழில் பெயர் தேட வேண்டியதில்லை. எடுபிடி வேலை. அங்கே போய் இதை எடு, இங்கே வந்து அதைப் பிடி. இணையத்தில் பல்லாயிரம் பேர் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடும் பாத்திர ஆட்டங்களில் பாதிக்குப் பாதி இதுதான். ஆடுகிறவர்கள் திட்டிக்கொண்டே செய்கிறார்கள். வரிக்குதிரை போன்ற ஜெவ்ரா என்ற விலங்கின் நான்கு குளம்புகளைக் கொண்டுவரச் சொல்லும் வேலை ஒன்று அதே ஆட்டத்தில் இருந்தது. ஒரு ஜெவ்ராவைக் கொன்றால் குளம்பு கிடைக்காது, இன்னொன்றைக் கொன்றாலும் கிடைக்காது. நாலு காலில் ஓடிவந்த விலங்கு செத்ததும் குளம்பு எங்கே போனது என்ற கேலி இருபது வருடமாக ஓடுகிறது.

இப்படி ஏன் செய்கிறார்கள் என்பதற்குப் பதில் எளிது. மாதச் சந்தா ஏறத்தாழ 15 டாலர். ஒரு நல்ல கதைப்பகுதியை உருவாக்க மாதக்கணக்காகும். ஆட்டக்காரர் அதை ஒரு வார இறுதியில் தின்று தீர்த்துவிட்டு அடுத்தது எங்கே என்பார். இடைவெளியை எதையாவது போட்டு அடைத்தாக வேண்டும். 2007இல், தினமும் புதுப்பிக்கப்படும் வேலைகள் வந்தன. நேற்று செய்ததையே இன்றும், இன்று செய்ததையே நாளையும்.

ஆட்டத்தை வடிவமைத்தவர்களுக்கும் உறுத்தாமல் இல்லை. ஸ்ட்ராங்கிள்தார்ன் என்ற காட்டுப் பகுதியில் ஒரு வேட்டைக்காரர் இருக்கிறார். ஹெமிங்வேயின் முழுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் அவர் பெயர் வரும். அவர் எழுதிய புத்தகத்தின் பக்கங்கள் காடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. கண்ணில் படுவதையெல்லாம் கொன்று, பக்கங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, நான்கு அத்தியாயங்களையும் ஒப்பேற்ற வேண்டும். ஆட்டக்காரரின் பையில் ஆரம்பத்தில் இருப்பது 16 இடங்கள். ஒவ்வொரு பக்கமும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிலருக்கு ஒரே பக்கம் மூன்று தடவை கிடைக்கும், வேண்டியது கிடைக்காது. 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆட்ட வடிவமைப்பாளர்கள் மாநாட்டில், இந்த ஆட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜெஃப் கப்லன் இதையே உதாரணமாக எடுத்து, ஆட்டத்திலேயே மோசமானவற்றில் ஒன்று என்று ஒப்புக்கொண்டார். அதை எழுதியவரும் அவர்தான்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது. ஆட்டமே வீண்தானே? அதற்குள் ஒரு வேலையை மட்டும் தனியாகப் பிடித்து வீண் என்று எப்படிச் சொல்வது?

கனடாவில் தத்துவம் கற்பித்த பெர்னார்டு சூட்ஸ் 1978இல் ‘வெட்டுக்கிளி’ என்ற பொருள் வரும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். ஈசாப் கதையில் எறும்பிடம் திட்டு வாங்கும் அதே வெட்டுக்கிளிதான் நாயகன். கோல்ஃப் பந்தைக் குழிக்குள் போடுவதுதான் குறிக்கோள் என்றால் கையால் எடுத்துப் போட்டுவிடலாம். அப்படிச் செய்யாமல், நீண்ட குச்சியால் தூரத்திலிருந்து அடித்து உள்ளே தள்ளுகிறோம். தேவையில்லாத தடைகளைத் தானாக முன்வந்து ஏற்றுக்கொள்வதுதான் ஆட்டம் என்பது சூட்ஸின் வாதம். அதே 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள், பலர் ஒரே நேரத்தில் கணினியில் நுழைந்து ஆடும் ‘மட்’ என்ற எழுத்து ஆட்டத்தை உருவாக்கினார்கள். நார்த்ஷயருக்கு அதுதான் பாட்டன். சூட்ஸை ஒப்புக்கொண்டால், வீணாக இருப்பது ஆட்டத்தின் குற்றமே அல்ல. அப்படியானால் கோபோல்டு பத்து மட்டும் ஏன் கசக்கிறது?

இதே கேள்வி கணினிக்கு ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்பே எகிப்தியப் பாலைவனத்தில் எழுந்தது. அங்கே தவமிருந்த கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றிய கதைகளில் ஒன்று இது. குள்ள யோவான் என்று பெயர் பெற்ற இளம் துறவியிடம் அவருடைய மூத்தவர் ஒரு காய்ந்த குச்சியை மண்ணில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்று, காய்க்கும்வரை நிறுத்தாதே என்கிறார். தண்ணீர் வெகுதூரத்தில். சாயங்காலம் குடத்தோடு கிளம்பினால் விடியும்போதுதான் திரும்பலாம். மூன்று வருடம் ஊற்றினார். குச்சி தளிர்த்துக் காய்த்தது. மூத்தவர் பழத்தைப் பறித்து ஆலயத்துக்குக் கொண்டுபோய், கீழ்ப்படிதலின் கனி இது, சாப்பிடுங்கள் என்று எல்லாருக்கும் கொடுத்தார்.

ஆட்ட மொழியில் சொன்னால் இது கச்சிதமான வேலை. கட்டளை, உழைப்பு, பரிசு. ஆனால் எகிப்தில் சுற்றிவிட்டு வந்து ஐந்தாம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய ஜான் காசியன் கிட்டத்தட்ட இதே கதையை வேறு ஒரு யோவானின் பெயரில் சொல்கிறார். அவரும் காய்ந்த குச்சிக்கு இரண்டு மைல் தொலைவிலிருந்து தண்ணீர் சுமக்கிறார், காய்ச்சலிலும் பண்டிகையிலும் ஒரு நாள் விடாமல். ஒரு வருடம் கழித்து மூத்தவர் வந்து, வேர் விட்டிருக்கிறதா என்று கேட்கிறார். தெரியவில்லை என்கிறார் யோவான். மூத்தவர் குச்சியை லேசாக ஆட்டிப் பிடுங்கித் தூக்கி எறிந்துவிட்டு, இனி ஊற்ற வேண்டாம் என்று போய்விடுகிறார். பழமும் இல்லை, செப்புக்காசும் இல்லை.

இரண்டில் எது உயர்ந்த கதை என்பதில் பக்தர்களுக்குள் கருத்து வேறுபடலாம். காசியனுடையதுதான் நெஞ்சில் நிற்கிறது. முதல் கதையில் பழம் வந்து, யோவானின் மூன்று வருடத்துக்கு ரசீது கொடுத்துவிடுகிறது. இரண்டாவதில் ரசீதே கிடையாது.

காசியன் இன்னொருவரையும் காட்டுகிறார்: பவுல் என்ற துறவி. ஊரிலிருந்து ஏழு நாள் நடை தள்ளி இருந்தார். பேரீச்சையும் சின்னத் தோட்டமும் வயிற்றுக்குப் போதும். ஆனாலும் தினமும் ஓலை சேர்த்து, தனக்குத்தானே அளவு வைத்துக்கொண்டு, அதைத்தான் நம்பிப் பிழைப்பவர்போல உழைத்தார். ஊருக்குக் கொண்டுபோய் விற்றால் கூலிக்கே கட்டாது. வருட முடிவில் குகை நிறைந்ததும் அத்தனையையும் கொளுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். காசியன் இதைச் சொல்வது சலிப்பைப் பற்றிய அத்தியாயத்தில். அவருக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி சலிப்பை உச்சிவேளைப் பேய் என்றே அழைத்தார். (உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று பாட்டிமார் மிரட்டிய ஊர்களில் இதற்கு விளக்கம் தேவையில்லை.) அந்தப் பேய் பிடித்தால் சூரியன் நகராததுபோலத் தோன்றும், பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று படும், சாப்பாட்டு வேளை வந்ததா என்று துறவி ஓயாமல் எட்டிப் பார்ப்பார். 6/10இல் நிற்கும் ஆட்டக்காரரின் முகத்தை எவாக்ரியஸ் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்.

ஆக, பயனில்லாத வேலை மனிதனை உருவாக்கவும் கூடும். உருக்குலைக்கவும் கூடும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சிறைகளில் ‘கிராங்க்’ என்றொரு கருவி இருந்தது. ஒரு பெட்டி, வெளியே ஒரு கைப்பிடி. சுற்றினால் உள்ளே மணலைக் கிளறும், அவ்வளவுதான். அரைப்பதும் இல்லை, இறைப்பதும் இல்லை. எத்தனை சுற்று என்று காட்ட முகப்பில் ஒரு முள். கைதி நாளுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் சுற்ற வேண்டும். குறைந்தால் சாப்பாட்டில் கைவைப்பார்கள். காவலர் திருகாணியை முடுக்கினால் கைப்பிடி இன்னும் கனக்கும். 1898இல் சட்டம் போட்டு இதை ஒழித்தார்கள். சைபீரியச் சிறையில் நான்கு வருடம் கிடந்த தஸ்தயேவ்ஸ்கியும், ஒரு மனிதனை நொறுக்க வேண்டுமென்றால் தண்ணீரை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி மறுபடி திருப்பி ஊற்றச் சொன்னால் போதும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

பவுல் ஓலை சேர்த்ததும் கைதி கிராங்க் சுற்றியதும் கணக்குப்படி ஒரே மதிப்பு: பூஜ்யம். பவுலின் ஓலைகளைக் கொளுத்தியது பவுல். கைதியின் உழைப்பைக் கொளுத்தியது வேறொருவர். நார்த்ஷயரில் கொளுத்துவது யார்?

பொய் சொல்லி வேலை வாங்குவதுதான் தப்பு என்று சட்டென முடிவுகட்டிவிடத் தோன்றும். கிராமத்துக்கு ஆபத்து, நீதான் காப்பாற்ற வேண்டும் என்று ஆட்டம் சொல்வது பொய். முதுகைத் திருப்புவதற்குள் கோபோல்டு முளைத்துவிடுகிறது. ஆனால் பொய் சொன்ன குருவும் உண்டு. 11ஆம் நூற்றாண்டுத் திபெத்தில் மார்பா, தன்னிடம் போதனை கேட்டுவந்த மிலரேபாவைக் கல் கோபுரம் கட்டச் சொன்னார். வட்டமாக ஒன்று பாதி எழும்பியதும், சரியாக யோசிக்காமல் சொல்லிவிட்டேன், இடித்துவிடு, கல்லை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போடு என்றார். அடுத்து அரைவட்டம். அதையும் இடி. அடுத்து முக்கோணம், அப்போது குடித்திருந்தேன் போலிருக்கிறது என்றார். கல் சுமந்து மிலரேபாவின் முதுகு புண்ணாகிச் சீழ் வைத்தது. பொதி சுமக்கும் விலங்குக்குச் செய்வதுபோலப் புண் இருக்கும் இடத்தில் ஓட்டை விட்ட திண்டைக் கட்டிக்கொள் என்று மார்பா சொல்லிக்கொடுத்தாராம். மந்திரத்தால் பலரைக் கொன்ற பாவம் மிலரேபாவின் தலையில் இருந்தது. அதைக் கழிக்கவே இத்தனையும் என்பது பின்னால்தான் தெரியவருகிறது.

மார்பாவின் மனைவிக்கே பொறுக்கவில்லை. ரகசியமாகச் சோறு போட்டார், கடைசியில் கணவர் பெயரில் போலிக் கடிதம் எழுதி மிலரேபாவை வேறொரு குருவிடம் அனுப்பவும் துணிந்தார். இன்றைய வாசகருக்கும் அந்த அம்மாளின் பக்கம்தான் சாயத் தோன்றும். ஆனாலும் மார்பாவுக்கும் மெக்பிரைடுக்கும் உள்ள வித்தியாசம் பொய்யில் இல்லை. மார்பா அத்தனை கல்லிலும் பார்த்துக்கொண்டிருந்தது மிலரேபாவை. மெக்பிரைடுக்குப் பின்னால் இருப்பவர்கள் பார்ப்பது மாதக் கடைசியில் அட்டையில் பிடிக்கப்படும் பதினைந்து டாலரை. குச்சி தளிர்த்தாலும் பட்டுப்போனாலும் எகிப்திய மூத்தவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

எடுபிடி வேலைகளைத் தாங்களே கேலி செய்துகொண்ட வடிவமைப்பாளர்களும் உண்டு. ‘ரூன்ஸ்கேப்’ ஆட்டத்தில் 2004இல் ஒரு வேலை வந்தது. பெயர் ‘ஒரு சின்ன உதவி’. ஷிலோ என்ற கிராமத்துக் கடைக்காரர் ஒரு மரத்துண்டு கேட்கிறார். மரவெட்டியிடம் போனால், கோடரி மழுங்கிவிட்டது, தீட்டிக்கொண்டு வா என்கிறார். தீட்டுபவருக்கு வேறொரு சிக்கல், அதைத் தீர்க்கப் போனால் அங்கே இன்னொருவருக்கு இன்னொன்று. உலகத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடி, சங்கிலியின் கடைசிக் கண்ணியைத் தொட்டுவிட்டு, வந்த வழியே ஒவ்வொருவராகத் திரும்பி வர வேண்டும். பரிசுகளில் ஒன்று, சாவி மாட்டும் எஃகு வளையம். ஆட்டக்காரர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லிப் பல்லைக் கடிக்கிறார்கள், ஆனால் சிரித்துக்கொண்டு.

வார்கிராஃப்டில் பின்னால் சேர்ந்த பாண்டா இனத்தவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மாபெரும் ஆமை ஒன்றின் முதுகில் இருக்கும் தீவில் பிறந்து, அங்குள்ள வேலைகளை முடித்து, இரண்டு எதிரணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் வெளியுலகத்துக்குப் போகலாம். ஒரு ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்க மறுத்தார். மேலும் வேலை தர ஆளில்லாத அந்தத் தீவிலேயே தங்கி, செடி பறித்தும் தாது வெட்டியும் கிடைக்கும் துளித்துளி அனுபவப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போனார். சில நிமிடத்தில் அதே பூ அதே இடத்தில் மறுபடி முளைக்கும், மறுபடி பறிப்பார். மாதக்கணக்கில் பறித்து, ஆட்டத்தின் உச்ச நிலையான 90ஐத் தொட்டார். நிறுவனம் உச்சத்தை 100 ஆக்கியது. அவர் ஆமையின் முதுகில் திரும்பவும் குனிந்தார்.