பொழுதுபோக்கும் இன்சொல்லும்



மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றும் இறைவனை வழிபடுதற்பொருட்டு நமக்கு அருளப்பட்ட கருவிகளாம். இவற்றுள் வாக்கினைப் பூசைவேளையிலே தூய்மையாக வைத்திருப்போர் பலர். ஓய்வுவேளையிலும் அவ்வாறு வைத்திருப்போர் சிலரே. தொழிலிடத்தில் அச்சமும் சபையில் நாணமும் நாவைக் காக்கும். சதுரங்கம், தோட்டம், முத்திரை சேர்த்தல் முதலிய பொழுதுபோக்குகளைக் குறித்து ஒத்த விருப்பினர் கூடிப் பேசுமிடத்திலோ அக்காவல் இல்லை. ஆதலின் ஒருவருடைய அடக்கத்தை அறிதற்கு அவ்விடமே உரைகல்லாம்.

இதற்கு உதாரணமாக ஹாம் வானொலி என்னும் பொழுதுபோக்கினை எடுத்துக்கொள்வோம். ஊதியங் கருதாது, உரிமம் பெற்று, தம் வீட்டிலிருந்தே தேசாந்தரங்களில் உள்ளாரோடு வானொலி வழியே உரையாடுவோர் இவர். ஒருவர் முகத்தை ஒருவர் காணார். மொழியும் சமயமும் வேறாம். அங்ஙனமாயினும் முகங்காணாமை கடுஞ்சொல்லுக்கு இடங்கொடாதபடி சில ஒழுக்கங்களைக் கைக்கொண்டு வருகின்றனர். பேசத் தொடங்குமுன் செவிசாய்த்துக் கேட்டு, அவ்வலைவரிசையிலே பிறர் உளரோ என வினவுதல் ஒன்று. விடைபெறுங்கால் 73 என்னும் எண்ணால் நல்வாழ்த்துக் கூறுதல் மற்றொன்று.

இவற்றினுஞ் சிறந்தது பிறிதொன்றுண்டு. மோர்ஸ் குறியைப் புதிதாகக் கற்றவர் மெல்ல அனுப்பித் தடுமாறுங்கால், கைதேர்ந்தவர் தமது வேகத்தைக் குறைத்து அவர் வேகத்திலேயே விடையளிப்பர். மெல்ல அனுப்புமாறு வேண்டுதற்குக் கியூ ஆர் எஸ் என்னுங் குறி தனியாகவே உண்டு. அதனை அனுப்புவதில் இழிவில்லை. 1928ஆம் ஆண்டிலே பால் சீகல் என்னும் அமெரிக்கர் இவ்வானொலியாளர்க்குரிய குணங்கள் ஆறினை வகுத்தபோது, நட்புடைமைக்கு இலக்கணமாக முதற்கண் வைத்தது, வேண்டினார்க்கு மெல்லவும் பொறுமையோடும் அனுப்புதலையேயாம்.

யான் இதனை அறிந்தும் தவறியதுண்டு. சில ஆண்டுகளுக்குமுன், வானொலி விருப்பினர் கூடிய ஒரு மாலைக்கூட்டத்திலே, மாணவனொருவன் அலைநீளத்துக்கும் மீடிறனுக்கும் உள்ள தொடர்பினை மாறுபடக் கூறினான். "வகுப்பிலே நித்திரையோ கொண்டாய்?" என்று யான் நகைத்தேன், பலரும் நகைத்தனர். அவன் பின்னர் ஒருநாளும் வந்திலன். யான் சொன்ன திருத்தஞ் சரியே. சொன்ன முறையே பாவமாயிற்று. பிழை நீங்குதற்குப் பதிலாகப் பிள்ளை நீங்கினான்.

இஃது அற்பமென்று கருதற்க. 2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்து தொலைபேசிகள் செயலிழந்தபோது, அந்தமானிலே போட் பிளேயரிலிருந்தும், நம் இலங்கையிலே அம்பாந்தோட்டையிலிருந்தும் செய்தி அனுப்பி உதவியவருள் இப்பொழுதுபோக்கினரும் இருந்தனர். அவர் ஒவ்வொருவரும் ஒருகாலத்திலே தடுமாறிய புதியவரே. அன்று எவரேனும் அவரை இகழ்ந்து துரத்தியிருப்பின், வேண்டிய நாளிலே கருவியின்முன் இருத்தற்கு ஆளில்லாதொழிந்திருக்கும்.

பிழையைத் திருத்தாது விடுதல் அன்பாகுமோ எனின், ஆகாது. திருவள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓரதிகாரமும் வாய்மைக்கு ஓரதிகாரமும் வகுத்தனர். இரண்டும் ஒரே வாயில் அமைதல் வேண்டும். ஆதலின், பிழைபட்ட பொருளைச் சுட்டுக; ஆளை இகழற்க. தனியே சொல்லத்தக்கதைப் பலர்முன் சொல்லற்க. தம் பிழை வெளிப்படின் தாமே முந்தி ஒப்புக்கொள்க.

நம் மாணவர் நாளைக்குத் தம் விருப்பினர் கூட்டங்களிலே எவ்வாறு பேசுவர்? இன்றைக்கு வகுப்பிலே அவர் பிழையை நாம் எவ்வாறு திருத்துகின்றோமோ அவ்வாறே பேசுவர். கல்லால நீழலில் எழுந்தருளிய தட்சிணாமூர்த்தி, சனகாதி முனிவர் நால்வர்க்கும் மௌனத்தாலே உபதேசித்தருளினார். அக்குருமூர்த்தத்தை வணங்கும் நாம், முன்னர்க் கேட்டலையும் பின்னர் மெல்லப் பேசுதலையும் பயில்வோமாக.