பிறர் எழுதும் அமைதி

போர் கொடியது என்பதை மறுப்பார் எவருமிலர். எனினும், படையெடுப்புக்கு ஆளான நாடு, தன்முன் நீட்டப்படும் அமைதி உடன்பாட்டை ஐயத்தோடு நோக்கினால், அது அமைதியையே விரும்பவில்லை என்று பழிப்பதற்குப் பலர் விரைகின்றனர். அப்பழி நேர்மையானதுதானா?

1938ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் இறுதியில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்சு ஆகிய நான்கு நாடுகளின் தலைவர்கள் மியூனிக் நகரிற் கூடினர். பேசப்பட்டதோ செக்கோஸ்லோவாக்கியாவின் நிலம். அந்நாட்டிற்கு அங்கே இருக்கை இல்லை. அதன் பேராளர் இருவர் தங்கும் விடுதியிற் காத்திருந்தனர். முடிவு பின்னர் அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. சுடெட்டன் பகுதி கைமாறிற்று. பெரும்பொருள் செலவிட்டு அந்நாடு எழுப்பியிருந்த எல்லை அரண்களுள் பெரும்பாலானவை அப்பகுதியில்தான் இருந்தன. நிலத்தோடு கதவும் தாழும் சேர்ந்தே போயின. ஆறு திங்கள் கழியுமுன், 1939 மார்ச் 15ஆம் நாள், ஜெர்மானியப் படை பிராக் நகருள் நுழைந்தது.

உக்ரேன் நாட்டின் ஐயத்திற்கு இத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது உக்ரேன் மண்ணில் எஞ்சியிருந்தவை, அளவில் உலகின் மூன்றாவதாக மதிக்கப்பட்ட அணுவாயுதங்கள். அவற்றைக் கைவிட இசைந்த அந்நாட்டின் எல்லைகளை மதிப்போம் என 1994 டிசம்பர் 5ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் கையொப்பமிட்டன. அவ்வாயுதங்களை ஏவும் அதிகாரம் மாஸ்கோவிடமே இருந்தது என்பர் சிலர். உண்மையே, அதனாற் கொடுத்த வாக்கின் கனம் குறைந்துவிடுமோ? 2014இல் கிரிமியா பறிபோயிற்று. மின்ஸ்க் நகரில் 2014இலும் 2015இலும் இருமுறை உடன்பாடு எழுதப்பட்டது. 2022 பிப்ரவரி 24ஆம் நாள் முழுப் படையெடுப்பே நிகழ்ந்தது. தெரிந்துதெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியைக் கற்பிப்போர்க்கு, இந்த ஐயம் அறிவின்பாற்பட்டது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

2025 நவம்பரில் அமெரிக்கா முன்வைத்த 28 கூறுகள் கொண்ட வரைவு, தோனெத்ஸ்க் மாநிலத்தில் உக்ரேன் இன்னும் இழவாத பகுதியிலிருந்தும் அதன் படை விலக வேண்டுமென்றது. ஸ்லோவியான்ஸ்க், கிரமதோர்ஸ்க் முதலிய அரண்சூழ் நகரங்கள் அங்கேதான் உள்ளன. மீண்டும் கதவும் தாழுமே கேட்கப்பட்டன.

ஆயினும், நாள்தோறும் இளைஞர் மடிகையில் நிலம் பெரிதா, உயிர் பெரிதா என்று வினவுவோரை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. அவ்வினாவில் ஈரம் உண்டு. நிலம் வெறும் மண்ணாக மட்டும் இருந்திருப்பின் விடையும் எளிதாயிருக்கும். அதன்மேல் வாழும் மக்களையும் சேர்த்தே அயலாட்சியிடம் ஒப்படைக்க நேர்வதால்தான் அது அறச்சிக்கலாகிறது. பிறர் வீட்டுக் கூடத்தை ஈந்து வள்ளன்மை பாராட்டுவது ஈகையாகுமா? உக்ரேன் அரசியற் சட்டத்தின் 73ஆம் பிரிவு, நாட்டின் நிலப்பரப்பை மாற்றும் வினாவை நாடு தழுவிய பொது வாக்கெடுப்பே முடிவு செய்யும் என்கிறது. அதிபரே விரும்பினாலும் தனித்து அவர் அதனை ஈய இயலாது.

இழப்பை ஏற்கவே கூடாது என்பதன்று இதன் பொருள். 1940 மார்ச்சில் பின்லாந்து, சோவியத் படையோடு மூன்று திங்களுக்கு மேல் போரிட்டுத் தளர்ந்தபின், தன் நிலத்திற் பத்தில் ஒரு பங்களவை விட்டுக்கொடுத்தது. அக்கசப்பான கையொப்பத்தை அந்நாட்டுத் தூதுக்குழுவே மாஸ்கோ சென்று இட்டது. விட்டுக்கொடுத்த பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழ 4 இலட்சம் மக்களுள் மிகப் பெரும்பாலோர், அவ்வாட்சியின்கீழ் வாழ ஒருப்படாது, மூட்டை முடிச்சுகளோடு எஞ்சிய பின்லாந்துக்குள் பெயர்ந்தனர். அவர்களுக்கு வீடும் வயலும் பகிர்ந்தளிக்கும் சுமையை அந்நாடே ஏற்றது.